சத்தம் வேற, பிக்கப் வேற

பழைய காரைப் பத்தி எழுதினா ரெண்டு வகை ஆளுங்கதான் படிப்பாங்க. ஏற்கனவே ஒண்ணை வச்சுக்கிட்டு அல்லாடுறவங்க ஒரு வகை. வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க இன்னொரு வகை. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. ஆணி பிடுங்குற வேலைக்கு நடுவுல தீபாவளி லீவோட ரெண்டு நாள் சேர்த்துப் போட்டு ஊருக்குப் போயிருந்தேன். அந்த லீவு முழுக்க இந்த வண்டியோடவே போச்சு. அதனால பலகாரம் பத்தியெல்லாம் இதுல எதிர்பார்க்காதீங்க மக்களே :-)

எங்க வீட்டு வண்டி மாருதி 800. வெள்ளைக் கலரு, டிஎன் 67. 1997 மாடல், அதாவது எனக்கும் அதுக்கும் ஒரே வயசு. 796 சிசி, மூணு சிலிண்டர், கார்புரேட்டர் வச்சது. 1983 டிசம்பர்ல முதல் வண்டி வந்து 2014 ஜனவரில நிறுத்தினாங்க இல்லையா, அந்த முப்பது வருசத்துல கிட்டத்தட்ட நடுவுல பொறந்தது. அப்பா இதை 2009ல செகண்ட் ஹேண்டா வாங்கினார். அன்னிக்கு எங்க தெருவுல நாலாவது கார். பதினஞ்சு வருசம் முடிஞ்சப்புறம் அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை ஆர்.சி.யைப் புதுப்பிச்சு, இதுவரைக்கும் மூணு தடவை புதுப்பிச்சாச்சு. வண்டி மேல அப்பாவுக்கு இருக்குற பாசத்துல பாதி என் மேல இருந்திருந்தா நான் இன்னும் நாலு மார்க் கூட வாங்கியிருப்பேன். சரி, கொசுவத்தி போதும்.

பிரச்சினை என்னன்னா, வண்டில சத்தம் வருது, அதோட இழுக்கவும் மாட்டேங்குது. ஸ்டார்ட் பண்ணினா 'டிக் டிக் டிக்'னு தையல் மிஷின் மாதிரி ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா ஒரு நொடி, ரெண்டு நொடி ஒண்ணும் நடக்காது. அப்புறம் ஒரு குலுக்கு குலுக்கிட்டுக் கிளம்பும். போன்ல அப்பா இதைச் சொன்னப்ப ஒரே வரியில "இன்ஜின் போச்சுப்பா"ன்னுட்டார். மதுரையில ஒரு பெரிய ஒர்க் ஷாப்புல காட்டியிருக்கார். அவங்க பானெட்டைத் திறந்து ரெண்டு தடவை ரெய்ஸ் பண்ணிப் பாத்துட்டு, 'கனெக்டிங் ராடு பேரிங் போயிருக்கும், இன்ஜினை இறக்கணும்'னு சொல்லி 42 ஆயிரத்துக்கு எஸ்டிமேட் எழுதிக் குடுத்துட்டாங்க. வண்டியை வித்தாக்கூட அவ்வளவு வராது. பழைய இரும்புக்குப் போடலாம்னு மாமா சொல்ல, அப்பா ரெண்டு நாள் சரியாச் சாப்பிடலைன்னு அம்மா சொன்னாங்க.

இதுல காசைவிடப் பெரிய விசயம் ஒண்ணு இருக்கு. காரியாபட்டி தெரியாதவங்களுக்கு: மதுரையிலேர்ந்து அருப்புக்கோட்டை போற பாதையில இருக்கு எங்க ஊர். அந்தப் பாதை அப்படியே தூத்துக்குடி வரைக்கும் போற நாலு வழிச்சாலை. துறைமுகத்துக்குப் போற, வர்ற கன்டெய்னர் லாரிங்க ராத்திரி பகல் பாக்காம ஓடுற ரோடு. எங்க தோட்டத்துக்குப் போகணும்னா அதை குறுக்க வெட்டித்தான் போகணும். மீடியன் இடைவெளியில நின்னு, ரெண்டு பக்கமும் பாத்து, சடார்னு தாண்டணும். ஐப்பசி பொறந்த வாரத்துல அப்பாவும் அம்மாவும் அப்படித் தாண்டும்போது வண்டி நடு ரோட்டுல அந்த ரெண்டு நொடி நின்னிருக்கு. எண்பது கிலோமீட்டர் வேகத்துல வர்ற லாரி ரெண்டு நொடியில 44 மீட்டர் வந்துரும். கணக்குப் போட்டா சாதாரண எண்தான். அம்மா அன்னிக்கு வீட்டுக்கு நடந்தே வந்துட்டாங்க. அதுக்கப்புறம் அந்த வண்டில ஏற மாட்டேன்னுட்டாங்க. அப்பாவுக்கு வயசு 63. வண்டியை விட்டாலும் டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கிட்டு அதே ரோட்டைத் தாண்டத்தான் போறார். எனக்கு எது கவலையா இருந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

நான் ஊருக்குப் போன அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது அம்மா போற போக்குல ஒண்ணு சொன்னாங்க. "சத்தம் ரெண்டு வருசமா இருக்குடா. இழுக்காமப் போறதுதான் புதுசு. ஆடிப் பதினெட்டுக்குக் கோயிலுக்குப் போனப்பக்கூட நல்லாத்தான் இழுத்துச்சு."

மொத்தக் கேஸையும் உடைச்சது இந்த ஒரு வாக்கியம்தான். சத்தமும் இழுக்காததும் ஒண்ணா வந்திருந்தா ஒரே நோய்னு நினைக்கலாம். ரெண்டு வருசம் முன்னாடி வந்த சத்தத்துக்கும் மூணு மாசம் முன்னாடி வந்த தயக்கத்துக்கும் ஒரே காரணம்தான்னு எப்படிச் சொல்றது? ஆபீஸ்லயும் இதேதான். ஒரே நாள் கண்ணுல பட்டுதுங்கறதுக்காக ரெண்டு பக்கை ஒரே டிக்கெட்ல போட்டா, ரெண்டும் சரியாகாது.

மறுநாள் காலையில பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்குற மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட போனேன். கார்புரேட்டர் வண்டின்னா இப்ப எங்க சுத்துவட்டாரத்துல கை வைக்கிற ஆளு இவர் ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாம் ஸ்கேனரைச் செருகிப் பாக்குற தலைமுறை. எங்க வண்டில ஸ்கேனரைச் செருக ஓட்டையே கிடையாது.

அண்ணாச்சி பானெட்டைத் திறக்கவே இல்ல. டீயைக் குடிச்சுக்கிட்டே கேள்வியா கேட்டார். காலையில பச்ச இன்ஜின்ல சத்தம் ஜாஸ்தியா, சூடானப்புறம் ஜாஸ்தியா? நின்னுக்கிட்டு இருக்கும்போது வருதா, லோடு ஏத்தினா வருதா? ஆயில் லைட்டு எரியுதா? நாலாவது கியர்ல மெதுவாப் போய் மிதிச்சா, தகர டப்பால கோலிக்குண்டு குலுக்கின மாதிரி கேக்குதா?

இந்தக் கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் நின்னு விளக்கம் சொல்லணும். அந்தக் கோலிக்குண்டுச் சத்தத்துக்குத்தான் நாக்கிங்னு பேரு. எங்க மாவட்டத்துக்காரனுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். புஸ்வாணமும் மருந்துதான், அணுகுண்டும் மருந்துதான். புஸ்வாணத்துல நெருப்பு ஒரு முனையில பிடிச்சு மெதுவா எரிஞ்சுக்கிட்டே போகும். சணல் சுத்தி இறுக்கின அணுகுண்டு மொத்தமா ஒரே நொடியில வெடிக்கும். இன்ஜினுக்குள்ள நடக்க வேண்டியது புஸ்வாணம். பிளக்குல பொறி பட்டு, நெருப்பு பரவி, பிஸ்டனைக் கீழ தள்ளணும். ஆனா நெருப்பு போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே மூலையில இருக்குற பெட்ரோல் காத்து, சூட்டாலயும் அழுத்தத்தாலயும் தானா டப்புனு வெடிச்சா, அது அணுகுண்டு. இதை அடக்கத்தான் 1921ல அமெரிக்காவுல தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோல்ல ஈயத்தைக் கலந்தார். உலகம் முழுக்கக் காத்துல ஈயம் பரவி, இந்தியாவுல அதை முழுசா நிறுத்த 2000 பிப்ரவரி ஆச்சு. எங்க வண்டி பொறந்தது ஈயப் பெட்ரோல் காலத்துல. அப்புறம் ஈயம் இல்லாதது, இப்ப எத்தனால் கலந்ததுன்னு மூணு விதமான பெட்ரோலைக் குடிச்சுட்டது. என்னைவிட அனுபவசாலி.

எங்க வண்டில கோலிக்குண்டு சத்தம் இல்ல. காலையில பச்ச இன்ஜின்லயே டிக் டிக் நல்லாக் கேக்கும். லோடு ஏத்தினாலும் ஏத்தாட்டியும் அதே அளவுதான். ஆயில் லைட்டு ஸ்டார்ட் ஆன உடனே அணைஞ்சிரும்.

"அப்ப ராடு பேரிங் எங்கிட்டுப்பா போச்சு? அது அடிச்சா டொக் டொக்னு அடி வயித்துலேர்ந்து வரும். லோடு போட்டா ஜாஸ்தியாகும். இது மேல அடிக்குது"ன்னுட்டு அப்புறம்தான் எந்திரிச்சார்.

நீளமான ஸ்குரு டிரைவர் ஒண்ணை எடுத்து, முனையை இன்ஜின்ல வச்சு, பிடியைக் காதுல வச்சுக்கிட்டார். டாக்டர் ஸ்டெத் வைக்கிற மாதிரி ஒவ்வொரு இடமா. கீழ ஆயில் சம்ப் பக்கம் வச்சா வெறும் இரைச்சல். மேல டேப்பட் கவர்ல, மூணாவது சிலிண்டர் பக்கம் வச்சா காதுக்குள்ள ஆணி அடிக்குது. எனக்கும் குடுத்துக் கேக்க வச்சார். அப்புறம் ரப்பர் பிடி போட்ட குறடால பிளக் வயரை ஒண்ணொண்ணா கழட்டிக் காட்டினார். ஒவ்வொண்ணு கழட்டும்போதும் இன்ஜின் ஒரே மாதிரி தள்ளாடுது, அதாவது மூணு சிலிண்டரும் வேலை செய்யுது. எதைக் கழட்டினாலும் டிக் டிக் குறையல. ராடு பேரிங்கா இருந்தா, அந்த சிலிண்டரோட வயரைக் கழட்டின உடனே லோடு குறைஞ்சு சத்தமும் அமுங்கும். (இந்த வயர் கழட்டுற வித்தையைப் புது வண்டில செஞ்சிராதீங்க. எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துரும்.)

நான் சும்மா இருப்பேனா? போன்ல அந்தச் சத்தத்தைப் பதிவு பண்ணி, லேப்டாப்ல போட்டு அலையாப் பாத்தேன். இதுல ஒரு அழகான கணக்கு இருக்கு. மூணு சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்ல கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா மூணு தடவை எரியும். கேம் ஷாஃப்ட் அதுல பாதி வேகம், அதாவது ஒரே ஒரு சுத்து. அப்ப ஒரு வால்வு அடிச்சா, மூணு எக்ஸாஸ்ட் துடிப்புக்கு ஒரு டிக் வரணும். கிராங்க் பக்கம் அடிச்சா மூணு துடிப்புக்கு ரெண்டு. படத்துல எண்ணிப் பாத்தா மூணுக்கு ஒண்ணு, பிசிறே இல்லாம. பெருமையா அண்ணாச்சிகிட்ட கொண்டு போய்க் காட்டினேன். "அதத்தான தம்பி நானும் சொன்னேன்"னு அடுத்த டீயை வாங்கப் போயிட்டார். அவ்வ்வ்.

ஆக சத்தம், டேப்பட் இடைவெளி. ராக்கர் ஆர்முக்கும் வால்வு தண்டுக்கும் நடுவுல, ஒரு மில்லிமீட்டர்ல கால்வாசிகூட இல்லாத ஒரு சந்து இருக்கணும். தேய்ஞ்சு தேய்ஞ்சு அது பெரிசாயிட்டா தட்டும். கவரைக் கழட்டி, பச்ச இன்ஜின்ல ஃபீலர் கேஜ் விட்டு, ஸ்குருவைத் திருகி சரி பண்றது ஒரு மணி நேர வேலை. முழுசாச் சத்தம் போகட்டும்னு அப்பா சொன்னதுக்கு அண்ணாச்சி ஒத்துக்கல. ரொம்ப இறுக்கிட்டா, சூடானப்ப வால்வு முழுசா மூடாது. எரியிற காத்து அந்தச் சந்துல பூந்து வால்வையே கருக்கிரும். அதனால கொஞ்சம் டிக் டிக் இன்னும் இருக்கு, இருக்கட்டும்.

இனி பிக்கப். எனக்கு நிஜமாவே வேண்டியிருந்தது இதுதான். சத்தத்தால யாரும் லாரிக்குக் கீழ போகப் போறதில்ல.

இதுலயும் முதல்ல கேள்விதான். மெதுவா மிதிச்சாத் தயங்குதா, சடார்னு மிதிச்சாத் தயங்குதா? நாலாவது கியர்ல எழுபதுல போய்க்கிட்டே இருக்கும்போது மூச்சு வாங்குதா? இதுவும் நல்ல கேள்வி. ஓடிக்கிட்டே இருக்கும்போது மூச்சு வாங்கினா, பெட்ரோல் போதுமான அளவு வந்து சேரலைன்னு அர்த்தம். ஃபில்டர், பம்ப், டேங்க்னு பின்னாடி போய்த் தேடணும். எங்க வண்டி ஓட்டத்துல நல்லாவே போகுது. மெதுவா மிதிச்சாலும் போகுது. நின்ன இடத்துலேர்ந்து சடார்னு மிதிச்சா மட்டும்தான் அந்தப் பள்ளம்.

இங்க அப்பா ஒரு குண்டைப் போட்டார். "சோக்கை அரைவாசி இழுத்து விட்டுக்கிட்டா நல்லாப் போகுதுப்பா. நான் இப்ப அப்படித்தான் ஓட்டுறேன்."

அண்ணாச்சி தலையில கை வச்சுக்கிட்டார். ஆனா அவர் முகத்துல ஒரு சந்தோசமும் தெரிஞ்சுது, விடை கிடைச்ச சந்தோசம். சோக்கை இழுத்தா காத்து குறைஞ்சு பெட்ரோல் விகிதம் கூடும். அப்ப நல்லாப் போகுதுன்னா, மிதிக்கிற நேரத்துல பெட்ரோல் பத்தலைன்னு வண்டியே சொல்லுது.

காரணம் இதுதான். ஆக்ஸிலரேட்டரைத் திடீர்னு மிதிச்சா காத்து உடனே உள்ள ஓடிரும். பெட்ரோல் கனமானது, அதே வேகத்துல வராது. அந்த ஒரு நொடி வெறும் காத்தா போகும். அதை ஈடுகட்டத்தான் கார்புரேட்டர்ல ஆக்ஸிலரேட்டர் பம்ப்னு ஒரு சின்ன ரப்பர் டயாஃப்ரம் இருக்கு. மிதிச்ச உடனே அது அமுங்கி, பீச்சாங்குழல் மாதிரி ஒரு சொட்டுப் பெட்ரோலை உள்ள பீச்சும். சோதிக்கிறது ரொம்பச் சுலபம். இன்ஜினை நிறுத்தி, ஏர் ஃபில்டர் மூடியைக் கழட்டி, டார்ச் அடிச்சுக் கார்புரேட்டர் தொண்டைக்குள்ள பாத்துக்கிட்டே லிவரைக் கையால இழுக்கணும். மெல்லிசா ஒரு தாரை பீச்சணும். (பீடி, சிகரெட் ஆளுங்க பத்தடி தள்ளி நில்லுங்க.) எங்களுதுல ஒரு தடவை லேசாக் கசிஞ்சுது, அடுத்த தடவை அதுவும் இல்ல.

அண்ணாச்சி அதோட விடல. டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போற வேக்கம் குழாயைக் கழட்டி வாயால உறிஞ்சி, நாக்கை வச்சு அடைச்சுப் பாத்தார். நாக்கு ஒட்டிக்கிட்டு நின்னா அந்த டயாஃப்ரம் நல்லா இருக்குன்னு அர்த்தம். ஒட்டிக்கிட்டது. டைமிங்கும் சரி. பிளக்குங்க மூணும் சோக் போட்டு ஓட்டின புண்ணியத்துல கரி பிடிச்சு அடுப்படி மாதிரி இருந்துச்சு. செங்கல் நிறத்துல இருக்கணும். மூணையும் மாத்தினோம்.

கார்புரேட்டர் கிட்டு மதுரையில மூணு கடை ஏறி இறங்கி, நாலாவதுல கிடைச்சது. 450 ரூபா. கழட்டின டயாஃப்ரம் அப்பளம் மாதிரி விறைச்சுப் போயிருந்துச்சு. வெளிச்சத்துல பிடிச்சா நடுவுல முடி கனத்துக்கு ஒரு விரிசல். அதுக்குத்தான் அந்த 44 மீட்டர்.

இப்ப எல்லாரும் கேக்குற கேள்வி: எத்தனாலால கெட்டுதா? 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில சில பங்க்குகள்ல ஆரம்பிச்சு, 2025ல நாடு முழுக்க வந்தாச்சு. எத்தனால் பழைய காலத்து ரப்பரைப் பதம் பாக்கும், ஈரத்தை உறிஞ்சும், டேங்க்ல படிஞ்ச அழுக்கை இளக்கிவிடும், எல்லாம் உண்மை. 1997ல இதையெல்லாம் யோசிச்சு யாரும் ரப்பர் போடல. ஆனா இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்துலயே வருசக்கணக்கா கிடந்த ரப்பர் எந்தப் பெட்ரோல்லயும் ஒரு நாள் போகத்தான் செய்யும். ரெண்டும் ஒரே சமயத்துல நடந்ததுங்கறதை மட்டும் வச்சு நான் தீர்ப்பு எழுத மாட்டேன். அதுவும் சத்தத்தையும் பிக்கப்பையும் பிரிக்க ஒரு நாள் செலவழிச்சப்புறம்.

அப்பா விடல. லிட்டருக்குப் பதினாறு குடுத்த வண்டி பன்னெண்டுக்கு வந்துருச்சு, பெட்ரோல்தான் காரணம்னு ஒரே சாதனை. கணக்குப் போட்டுக் காட்டினேன். எத்தனால்ல இருக்குற சக்தி பெட்ரோல்ல மூணுல ரெண்டு பங்கு. அஞ்சுல ஒரு பங்கு அதைக் கலந்தா மொத்தத்துல ஏழு சதவீதம் போல குறையும். நிதி ஆயோக் 2021 அறிக்கையும் பழைய வகைக் காருங்களுக்கு ஆறு, ஏழு சதவீதம்தான் சொல்லியிருந்தது. பதினாறுல ஏழு சதவீதம் போனா பதினஞ்சு நிக்கணும். மீதி மூணு கிலோமீட்டரைக் குடிச்சது அரைவாசி இழுத்த சோக். அப்பா கணக்கைக் கேட்டுட்டு, "இருக்கலாம்"னார். அவர்கிட்டேர்ந்து இது பெரிய வார்த்தை.

பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் மாத்தியாச்சு. அதுவும் விரல்ல மடக்கினா வெடிப்பு தெரிஞ்சுது, இன்ஜின் மேலயே பெட்ரோல் ஒழுகுற வேலை அது. மொத்தச் செலவு, கூலி எல்லாம் சேர்த்து 2,900 ரூபா. இன்னொரு கிட்டு வாங்கி டேஷ்போர்டுக்குள்ள போட்டு வச்சிருக்கேன். அடுத்த தடவை நாலு கடை ஏறினாலும் கிடைக்குமான்னு தெரியாது.

வண்டி இப்ப மிதிச்ச உடனே கிளம்புது. அப்பாவுக்கு மட்டும் பழக்க தோசத்துல இன்னும் கை சோக்குக்குப் போகுது. அதைப் பாத்துட்டு அண்ணாச்சி சோக் குமிழ் மேல ஒரு சிவப்பு டேப்பைச் சுத்திவிட்டிருக்கார். அம்மா ரெண்டு வாரம் கழிச்சு ஏறினாங்க. மீடியன்கிட்ட வந்தா "இருங்க, அந்த லாரியும் போகட்டும்"னு சொல்றாங்களாம். அப்பா நிக்கிறாராம்.

ஃபில்டர்ல மட்டும் செம்மண் கலர்ல தூள் இருந்துச்சு. டேங்க் உள்ள துருப் பிடிச்சிருக்கு. பொங்கலுக்குப் போறப்ப அதை இறக்கணும். அது தனிப் பதிவு.